கென்டன் பிரித்த விரல்கள்

'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' படத்தை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். உடன் பார்த்த நண்பர் பாதியில் எழுந்துவிட்டார். "இரண்டே கால் மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது?" என்றார். அப்போது எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

படத்துக்கு மூலமான கசுவோ இஷிகுரோவின் நாவல் 1989இல் வந்தது. ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் மாளிகையில் ஆயுளைக் கழித்த ஸ்டீவன்ஸ் என்ற பட்லரே, அதாவது தலைமைப் பணியாளரே, கதை சொல்கிறார். கடமை, கண்ணியம், வெள்ளிப் பாத்திரங்களின் பளபளப்பு என்று பக்கம் பக்கமாகப் பேசுவார். மனதில் இருப்பதை மட்டும் பேசமாட்டார். அதை வரிகளுக்கு நடுவே நாம்தான் துழாவி எடுக்க வேண்டும்.

திரையில் வரி ஏது? 1993இல் படமாக்கிய ஜேம்ஸ் ஐவரி, வரி இருந்த இடத்தில் நேரத்தை வைத்தார். ஸ்டீவன்ஸாக நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸின் முகம் தன்னையறியாமல் காட்டிக்கொடுக்கும்வரை நம்மைக் காக்க வைத்தார். திரைக்கதை ரூத் பிராவர் ஜாப்வாலா. தான் எழுதிய நாவலுக்குப் புக்கர் பரிசும் வேறு படங்களின் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கியவர். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் புத்தகக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன்ஸ் தன் அறையில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். மாளிகையின் வீட்டு நிர்வாகியான மிஸ் கென்டன் பூக்களோடு வருகிறார். என்ன புத்தகம் என்று கேட்கிறார். ஸ்டீவன்ஸ் காட்ட மறுக்கிறார். கென்டன் நெருங்க நெருங்க இவர் மூலைக்கு ஒதுங்குகிறார். புத்தகத்தை இறுக்கியிருக்கும் விரல்களைக் கென்டன் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். ஸ்டீவன்ஸின் கண் புத்தகத்தில் இல்லை, அத்தனை அருகில் வந்துவிட்ட அந்த முகத்தில் இருக்கிறது. அகப்பட்டது ஒரு சாதாரணக் காதல் கதை. ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளப் படிப்பதாகச் சமாளிக்கிறார். நண்பரே, நடக்க வேண்டியதெல்லாம் இங்கே நடந்துவிட்டது! இதையே அவசரமாக வெட்டித் தொகுத்திருந்தால், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் புத்தகத்தைப் பிடுங்கினார் என்பதற்கு மேல் என்ன மிஞ்சியிருக்கும்?

மெதுவாக நகரும் படங்கள் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜன்னலையும் மேகத்தையும் காட்டிப் பொழுதைக் கடத்தும் படங்கள் எனக்கும் ஆகாது. இந்தப் படத்தில் நிதானம் அந்த மனிதரின் சுபாவம். மாடியில் ஸ்டீவன்ஸின் அப்பா இறந்துவிட்டார், கீழே விருந்தினர்கள். "கண்களை நான் மூடிவிடட்டுமா?" என்று கென்டன் கேட்கிறார். நன்றி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பும் ஆளை எப்படி வேகமாகப் படமெடுப்பது?

நாவலின் முடிவில், தன் நெஞ்சு உடைந்துகொண்டிருந்ததாக ஸ்டீவன்ஸ் ஒரே ஒரு முறை ஒப்புக்கொள்கிறார். படத்தில் அந்த வாக்கியம் இல்லை. இரவு, மழை, ஒரு பஸ். கென்டன் ஏறிவிட்டார், பற்றிய கைகள் இன்னும் விடவில்லை. பஸ் நகர்கிறது. இந்த முறை விரல்களை யாரும் பிரிக்கவில்லை, அவை தாமாகவே நழுவுகின்றன.