பாம்புக்கடி பில்லில் அந்த ஒரு வரி

அமெரிக்காவில் இருக்கும் நண்பன், மகனுக்கு வந்த ஆஸ்பத்திரி பில்லை அனுப்பி "கொஞ்சம் பாருடா" என்றான். பையனைக் கடித்தது காப்பர்ஹெட் விரியன். பிழைத்துக்கொண்டான், கால் வீக்கமும் வடிந்துவிட்டது. பில்லில் "பார்மசி" என்று ஒரே வரி, எதிரே தலைசுற்றும் தொகை. என்ன மருந்து, எத்தனை வயல் என்று ஒன்றுமே இல்லை. (வயல் என்றால் மருந்துக் குப்பி. அந்தத் தொகைக்கு நெல் விளைகிற வயலே வாங்கலாம் என்பது வேறு விஷயம்.)

வரிவாரியான பில்லைக் கேட்டு வாங்கு என்றேன். அங்கே விஷமுறிவு மருந்துக்கு வயல் கணக்கில்தான் பில். அங்கே கிடைக்கிற இரண்டு விஷமுறிவு மருந்துகளில் க்ரோஃபேபுக்கு ஜே0840, அனாவிப்புக்கு ஜே0841 என்று பில் குறியீடு. ஒரு யூனிட் என்றால் ஒரு வயல். ஆகவே பில்லில் உள்ள யூனிட்டும் செவிலியர் எழுதிவைத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

"எது விலை குறைவு?" என்று கேட்டான். வயல் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். க்ரோஃபேப் செம்மறியாட்டு ரத்தத்திலிருந்து வருவது. விஷத்தை முறிக்கிற எதிர்ப்புரதத்தைப் பப்பாளி நொதியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டியிருப்பார்கள் (பப்பாளி ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). துண்டு சிறிது என்பதால் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், விஷம் மறுபடி தலைதூக்கும். அதனால்தான் முதலில் 4 முதல் 6 வயல் போட்டு, நிலைமை கட்டுக்குள் வந்தபின் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 வயலாக மூன்று தடவை. அனாவிப் குதிரையிலிருந்து வருவது. துண்டு பெரிது, பல நாள் ரத்தத்தில் தங்கும். ஆனால் ஆரம்பமே 10 வயல். ஆக, முழுச் சிகிச்சைக்கு என்ன ஆனது என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பையன் சின்னவன் என்பதால் மருந்து குறையாது. முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய விஷத்தை, அதற்கு ஆளின் எடை ஒரு பொருட்டில்லை. அதே சமயம், கடித்த பாம்பெல்லாம் விஷம் செலுத்துவதும் இல்லை. வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தோலில் பேனாவால் கோடு போட்டு, ரத்தம் உறைகிறதா, தட்டணுக்கள் குறைகின்றனவா என்று பார்த்துத்தான் மருந்தைத் தொடங்க வேண்டும். க்ரோஃபேப் தூளாக இருக்கும். கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். அவசரப்பட்டுக் கரைத்து, பிறகு வேண்டாம் என்றால் அந்த வயல் குப்பைக்குத்தான். பில் யார் தலையில்?

சரி, மருந்தே இவ்வளவு விலையா? விஷமுறிவு மருந்துகளை ஆராய்ந்த அரிசோனா மருத்துவர் லெஸ்லி பாயர் 2015-ல் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார். நோயாளிக்கு வயல் 14,624 டாலர் என்றால், அதில் தயாரிப்புச் செலவு சுமார் 0.1 சதவீதம். சுமார் 70 சதவீதம் ஆஸ்பத்திரி ஏற்றிய தொகை! ஆட்டை வளர்ப்பது கஷ்டம், பாம்பிடம் விஷம் கறப்பது கஷ்டம் என்றெல்லாம் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு போன இடம் அது இல்லை. 2018-ல் அமெரிக்காவில் ஒரு சிறுமிக்கு 4 வயல் க்ரோஃபேபுக்கு 67,957 டாலர் பில் போட்டார்கள். மருந்து நிறுவனத்தின் பட்டியல் விலை அப்போது வயலுக்குச் சுமார் 3,200 டாலர். ஐந்து மடங்கு! காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசிக் குறைக்கும் என்று தெரிந்தே ஏற்றிவைக்கிற விலை இது. காப்பீடு இல்லாதவன் அந்தப் பேரத்தில் எங்கே நிற்பான்? இதைத் தந்திரம் என்று நாகரிகமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அந்தச் செலவு தனி. 2022 முதல் அமலில் உள்ள சட்டத்தால், காப்பீடு உள்ளவர்களுக்கு அதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. தரையில் ஓடுகிற ஆம்புலன்ஸை மட்டும் ஏனோ அந்தச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

நண்பனுக்கு வரிவாரி பில் போன வாரம் வந்தது. ஜே0840, 12 யூனிட். செவிலியர் பதிவேட்டில் முதலில் 4, பிறகு இரண்டிரண்டாக 6, மொத்தம் 10. மீதி இரண்டு கரைத்துக் கொட்டியதா, தட்டச்சுப் பிழையா என்று கேட்டு எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. பணம் கட்டச் சொல்லி நினைவூட்டல் மட்டும் இரண்டு வந்துவிட்டது.