அம்பும் ஒரு பதில்தான்

அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில், வெளியாரை அண்டவிடாத பழங்குடி மக்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய்க் கொல்லப்பட்ட ஜான் ஆலன் சாவ் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் பக்கத்துச் சபை வாட்ஸ்அப் குழுக்களில் அவர் ஓய்வதில்லை. மிஷனெரி ஞாயிறு நெருங்கினால் போதும், அந்தச் சிரித்த முகப் படத்துக்கு மேலே 'இரத்தசாட்சி' (விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்) என்று போட்டு ஒரு பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும். கீழே வரிசையாக ஆமென், அல்லேலூயா. சமீபத்தில் மறுபடி வந்தபோது, "இது சாட்சி இல்லை, அத்துமீறல்" என்று எழுதினேன். வந்த பதில்களில் பாதி என் இரட்சிப்பைப் பற்றிய கவலை. வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிச் சபையில் வளர்ந்தவன். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரன் காசு வேண்டாம் என்று சொந்தக் காணிக்கையில் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய சபை அது. உலைக்கு அரிசி அளக்கும்போது அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அந்தப் பிடி அரிசி ஊழியத்துக்கு. எனவே, விசுவாசத்தை இன்னொருவரிடம் சொல்வதே வன்முறை என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். எதிரே இருப்பவரால் 'வேண்டாம், போ' என்று சொல்ல முடிய வேண்டும். சொன்னால் நாம் போய்விட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் நடப்பதற்கு ஊழியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜானைப் 'பைத்தியக்காரப் பயல்' என்று முடித்துவிடுவது சுலபம். நாத்திக நண்பர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் பைத்தியம் இல்லை. 26 வயது அமெரிக்க இளைஞர், அவசர மருத்துவ உதவிப் பயிற்சி எடுத்தவர். கான்சஸ் நகரத்தில் இருக்கும் ஆல் நேஷன்ஸ் என்ற மிஷன் அமைப்பு அவருக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் ஒரு போலிக் கிராமமே அமைத்து, அமைப்பின் ஆட்களே பழங்குடி வேஷம் கட்டி, பொய் ஈட்டியோடு அவரை எதிர்கொண்டார்களாம். அவர் தடுப்பூசிகள் போட்டுக்கொண்டார். தன்னால் அந்த மக்களுக்கு நோய் போய்விடக் கூடாது என்று போர்ட் பிளேரில் ஒரு வீட்டுக்குள் தனித்து இருந்தார். உடம்பில் அம்பு தைத்தால் பிடுங்கி எடுக்கவும் கருவி வைத்திருந்தார். இவ்வளவு யோசித்த மனிதர், அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்த முகாமில் அதற்குப் பாடம் இல்லை போலிருக்கிறது.

2018 நவம்பர் 14 இரவு, மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்து, கடலோரக் காவல் படையின் கண்ணில் படாமல் வடக்கு சென்டினல் தீவுக்குக் கிளம்பினார். 15-ஆம் தேதி கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் மீனை வைத்துக்கொண்டு கரையை நெருங்கினார். தன் பெயர் ஜான், தான் அவர்களை நேசிப்பதாகவும் இயேசுவும் நேசிப்பதாகவும் ஆங்கிலத்தில் கத்தினார். அவர்கள் நாணில் அம்பை ஏற்றியதும் திரும்பிவிட்டார். அன்றைக்கே மறுபடியும் போனார். அவர்கள் எழுப்பிய சத்தங்களை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கொல்லென்று சிரித்தார்கள். தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார்கள் என்று நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பாட்டெல்லாம் பாடினார். கடைசியில் ஒரு சிறுவன் விட்ட அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்தில் பாய்ந்தது. கயாக்கை இழந்து, நீந்திப் படகுக்கு வந்து சேர்ந்தார்.

அன்று படகில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது, சாக விருப்பமில்லை என்று எழுதினார். மறுநாள் மறுபடி இறங்கி, படகைப் போகச் சொல்லிவிட்டார். 17-ஆம் தேதி காலை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தபோது, கரையில் ஒரு உடலைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாளிலேயே அந்த மக்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பேசிவிட்டார்கள் என்பது என் கட்சி. நாணேற்றிக் காட்டினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள், சின்னப் பையனை விட்டு ஒரு அம்பும் விட்டார்கள். கொல்லத்தான் வேண்டும் என்றால் அன்றைக்கே முடித்திருக்கலாமே. இவ்வளவையும் பார்த்த பிறகு, ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தும், அந்த மனிதருக்கு அது பதிலாகவே படவில்லை. சாத்தானின் கோட்டை என்றுதான் பட்டது.

மானுடவியலாளர் திரிலோக்நாத் பண்டிட் 1967-இலிருந்து அந்தத் தீவை அணுகிப் பார்த்தவர். கரையில் தேங்காய், இரும்புச் சாமான் வைத்துவிட்டுத் திரும்புவதுதான் அவர் குழுவின் வேலை. பல வருடம் எதிர்ப்புதான். 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய என்ற பெண் ஆய்வாளர் இருந்த குழு போனபோது, தீவு மக்கள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் இறங்கி வந்து தேங்காயைக் கையிலேயே வாங்கிக்கொண்டார்கள். பண்டிட் போன ஒரு பயணத்தில் அவர் குழுவிலிருந்து கொஞ்சம் விலகி நின்றுவிட, ஒரு பையன் கத்தியை எடுத்து, தலையைச் சீவிவிடுவேன் என்று சைகை காட்டியிருக்கிறான். பண்டிட் உடனே படகைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். அந்த மக்களின் மொழி அவருக்கும் தெரியாது. பக்கத்துத் தீவுப் பழங்குடிகளான ஒங்கேக்களைக் கூட்டிப்போய்ப் பேச வைத்துப் பார்த்தும் பலன் இருக்கவில்லை. ஆனால் கத்தியைக் காட்டினால் என்ன பொருள் என்று புரிந்துகொள்ள மொழி எதற்கு?

இங்கே வழக்கமாக ஒரு வசனம் வரும். மத்தேயு 28, புறப்பட்டுப் போய்ச் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை. சரி. அதே மத்தேயுவில் பத்தாம் அதிகாரம் ஒன்று இருக்கிறது. ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டுப் புறப்படும்போது காலில் படிந்த தூசியை உதறிவிட்டுப் போகச் சொன்னது யார்? அனுப்பியவரேதான். மறுப்பை மதித்துத் திரும்புவதும் கட்டளைதான். நம் மேடைகளில் 28-க்குக் கிடைக்கிற மைக் 10-க்குக் கிடைப்பதில்லை.

"அப்போ அவங்க கேட்காமலே அழிஞ்சு போகட்டுமா பிரதர்?" என்று ஒருவர் கேட்டார். மனசார வந்த கேள்வி, அதனால் கிண்டல் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக அந்தத் தீவில் பிறந்து வளர்ந்து செத்தவர்களைப் படைத்தவர், 2018-இல் ஒரு கயாக் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார் என்று நம்ப என் விசுவாசத்தில் இடமில்லை. அப்புறம், 'அழிந்து போவது' என்றால் என்ன என்று அந்தமானில் போய்ப் பார்க்க வேண்டும்.

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியபோது கிரேட் அந்தமானிய மக்கள் சுமார் ஐயாயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். இன்று ஐம்பது பேர் அளவில்தான். பெரும்பகுதியைத் துப்பாக்கி கொல்லவில்லை, நோய் கொன்றது. மேகநோய், 1877-இல் தட்டம்மை. இதில் நம் திருச்சபைக்கும் கை உண்டு. 1863-இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றைத் தொடங்கி, பழங்குடிகளைக் கூட்டிவந்து துணி உடுத்தி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் அப்படி அடைத்து வைத்த இடங்கள்தான் நோய் பரவ வசதியாகப் போயின. அவர்களின் போ மொழியைப் பேசிய கடைசிப் பாட்டி 2010-இல் இறந்தார்.

சென்டினலுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1880-இல் போர்ட்மேன் என்ற அதிகாரி அங்கிருந்து ஒரு வயதான தம்பதியையும் நாலு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துக்கொண்டு போனார். எல்லோருக்கும் சுகமில்லாமல் போய், பெரியவர்கள் இரண்டு பேரும் செத்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் திரும்ப விட்டார்கள். அந்தக் குழந்தைகள் நோயையும் சேர்த்துக் கொண்டுபோனார்களா என்பது யாருக்கும் தெரியாது. ஜான் தனித்து இருந்தது நல்லெண்ணம்தான், ஆனால் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமக்கிறவர் எத்தனை நாள் அறைக்குள் இருந்தாலும் சுமந்துகொண்டே இருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தூரத்திலிருந்து எண்ணியது 15 பேர். உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் ஒரு காய்ச்சல் தாங்குமா அந்தக் கூட்டம்?

இதற்கு எதிராக எப்போதும் சொல்லப்படுவது ஈக்வடார் கதை. 'ஆக்கா இந்தியர்' என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள், அந்த வாவ்ரானி மக்கள். 1956 ஜனவரியில் ஐந்து அமெரிக்க மிஷனெரி வாலிபர்களை ஈட்டியால் கொன்றார்கள். பிறகு இறந்தவர்களில் ஒருவரான ஜிம் எலியட்டின் மனைவியும், இன்னொருவரின் அக்காவும் போய், கொன்றவர்களோடேயே குடியிருந்தார்கள். ஜானுக்கும் இந்தக் கதைதான் ஆதர்சம். எனக்கும் சிறுவயதில் உடம்பு சிலிர்த்த கதைதான். ஆனால் நடுவில் நடந்ததை நம் பிரசங்கிகள் தாவிவிடுகிறார்கள். தாயுமா என்ற வாவ்ரானிப் பெண் அதற்கு முன்பே காட்டை விட்டு வெளியே வந்து வாழ்ந்தார். மொழியைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இன்னும் இரண்டு வாவ்ரானிப் பெண்களும் வெளியே வந்தார்கள். மூவரும் தங்கள் மக்களிடம் போய்ப் பேசி, அழைப்போடு திரும்பிய பிறகுதான், 1958-இல் அந்த விதவை தன் குழந்தையோடு உள்ளே போனார். அழைத்தார்கள், போனார். அதன் பிறகும் எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. சிதறி வாழ்ந்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்த பிறகு 1969-இல் இளம்பிள்ளை வாதம் பரவி ஆட்களைக் கொன்றது. அவர்கள் காலி செய்த காட்டில் எண்ணெய்க் கம்பெனிகள் சாவகாசமாக இறங்கின.

இதே கடலில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. தரங்கம்பாடியில் வந்து தங்கிய மொரேவியச் சகோதரர்கள் என்ற ஐரோப்பிய மிஷனெரிகள் 1768-இல் நிக்கோபாரின் நான்கவுரிக்குப் போனார்கள். சுமார் இருபது வருஷம் இருந்தார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். நிக்கோபாரிகள் அவர்களை விரட்டவும் இல்லை, அவர்கள் சொன்னதை ஏற்கவும் இல்லை. 1787-இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். சபை வரலாற்றில் இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவார்கள். எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. சொன்னார்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள், வந்துவிட்டார்கள்.

நூறு வருஷம் கழித்து, 1890-களின் நடுவில், வேதப்பன் சாலமோன் என்ற சென்னைக்காரர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் உபதேசியாரும் அரசாங்க ஏஜெண்டும் ஒருசேர. அந்தச் சேர்க்கையில் எனக்குச் சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கார் நிக்கோபார் மூடிய தீவு இல்லை. தேங்காய் வாங்க பர்மாக்காரன், சீனன், மலாய்க்காரன், நம் ஊர் மரக்காயர் என்று பல தலைமுறையாகக் கப்பல்கள் வந்த இடம். வெளியாட்களை எடை போடத் தெரிந்தவர்கள். சாலமோனிடம் படித்த ஒரு மூஸ் கிராமத்துப் பையன் பர்மாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்தான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் கொண்டுவந்தவர், ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் சிறையில் சித்திரவதைப்பட்டுத் தன் மகனையும் பறிகொடுத்தவர், 1952-இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினர், பின்னாளில் அந்தமான் நிக்கோபாரின் முதல் பிஷப். தீவு பெருமளவில் கிறிஸ்தவமானது போருக்குப் பிறகு, அவர் சொல்லித்தான். வெள்ளைக்காரப் பாதிரிகள் சொல்லி இல்லை. பன்றித் திருவிழாவை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவர்களே பேசி முடிவெடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, மிஷனெரிகளே இப்படித்தான்" என்று குதிக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்டில், வடக்கு சென்டினல் உட்பட 29 தீவுகளுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தியது மிஷனெரிகள் இல்லை, நம் அரசாங்கம். அந்தத் தீவுக்குப் போவதைத் தடுக்கும் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருந்தது என்பது வேறு கதை. அந்தமானின் இன்னொரு பழங்குடிகளான ஜாரவாக்களின் காட்டுக்குள் போகும் சாலையை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் சுற்றுலா வண்டிகள் அதில் ஓடின. சாப்பாடு காட்டி ஜாரவாப் பெண்களை ஆட வைத்த வீடியோ 2012-இல் உலகம் முழுக்கச் சுற்றியது. கிரேட் நிக்கோபாரில் சில நூறு பேரே இருக்கும் ஷோம்பென் பழங்குடிகளின் காட்டை அழித்துத் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் அனுமதி கொடுத்தாயிற்று. ஒரு மிஷனெரியின் கயாக்குக்குக் கொதிக்கிறவர்கள், மண்வாரி இயந்திரத்துக்குக் கொஞ்சமாவது முணுமுணுக்கலாம். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் சென்டினல் கரையில் இறங்கி, ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக்கும் வைத்துவிட்டு வந்து கைதானார். அவரிடம் பைபிளும் இல்லை, வசனமும் இல்லை. அத்துமீறல் அதேதான்.

கடைசியாக அந்த மீனவர்கள். ஜானுக்கு உதவிய குற்றத்துக்கு ஏழு பேர் கைதானார்கள். ஜானின் குடும்பம் தீவு மக்களை மன்னிப்பதாகச் சொன்னதோடு, கைதான உள்ளூர் நண்பர்களை விட்டுவிடும்படியும் கேட்டுக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இரத்தசாட்சி என்று சுற்றுகிற எந்தப் பதிவிலும் அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. 25,000 ரூபாய்க்கு ஜெயிலுக்குப் போனவர்களுக்காக ஜெபக் குறிப்பு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கமெண்டில் மத்தேயு 28:19 போட வருகிறவர்கள் 10:14-ஐயும் சேர்த்துப் போடுங்கள், பேசலாம். என் இரட்சிப்பைப் பற்றிய விசாரிப்புகளை மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸில் வைத்துக்கொள்ளவும்.