பம்பைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

பழைய டீசல் லாரி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போதே, அதிகமாக இரைந்தால் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப் போய்விட்டது, உடனே கழற்ற வேண்டும் என்கிறீர்கள். எப்போதும் அப்படியில்லை அண்ணே. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகி, பம்ப் லிவரைத் திரும்ப விடாமல் பிடித்தாலும் இதேதான் நடக்கும். குளச்சல் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் பட்டு கேபிள் துருப்பிடிப்பது புதிதல்ல.

யாரும் சோதிக்கலாம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்கட்டும். எஞ்சின் சூடானதும் நிறுத்தி, லிவரிலிருந்து கேபிளை மட்டும் கழற்றுங்கள். லிவரைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். லிவர், ஐடிலிங் வேகத்தை நிர்ணயிக்கும் ஐடில் ஸ்குருவில் போய் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் இறங்கினால் கோளாறு கேபிள் பக்கம்தான். இறங்காவிட்டால் அடுத்து ஸ்குரு செட்டிங்கைப் பாருங்கள். பம்ப் அதற்கும் அப்புறம்தான். வீண் செலவாகிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.