பைலட் எபிசோடைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

அமேசான் நிறுவனம் 2013 ஏப்ரல் 19 அன்று 14 பைலட் எபிசோடுகளை, அதாவது ஒரு தொடரை முழுதாக எடுக்கும் முன் மாதிரியாக எடுத்துப் பார்க்கும் முதல் எபிசோடுகளை, ஒரே நாளில் வெளியிட்டு, எதைத் தொடராக எடுக்கலாம் என்று பார்வையாளர்களிடமே கேட்டது. அவற்றில் 8 நகைச்சுவை, 6 குழந்தைகளுக்கானவை. சந்தா கட்டாதவர்களும் இலவசமாகப் பார்த்து, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று மதிப்பிடலாம், விரிவாக எழுதவும் செய்யலாம். அடுத்த சில ஆண்டுகள் இது தொடர்ந்தது. 2017 நவம்பரில் வந்த மூன்று பைலட்டுகளோடு நின்றுபோனது. பார்வையாளர்களிடம் கேட்டுத் தொடர் எடுப்பது பேதைமை என்பதற்கு இந்த முயற்சியைத்தான் பலரும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்த மக்கள் எழுதியதில் பெரும் பயன் இருந்தது என்றும், அதை நட்சத்திரக் கணக்காகச் சுருக்கிப் பார்த்ததுதான் பிழை என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் சுற்றிலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2009இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற 'ஸோம்பிலேண்ட்' திரைப்படத்தின் அதே நான்கு பாத்திரங்களைக் கொண்டு, ஆனால் முற்றிலும் வேறு நடிகர்களை வைத்து, ஒரு பைலட் எடுக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கதை எழுத்தாளர்களின் மனத்தில் முதலில் தொலைக்காட்சித் தொடராகத்தான் உருவானது, பிறகுதான் திரைப்படமானது. அந்தப் பட ரசிகர்கள் பைலட்டைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். வுடி ஹாரெல்சனும் எம்மா ஸ்டோனும் நின்ற இடத்தில் வேறு முகங்களைப் பார்ப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. தொடர் கைவிடப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரெட் ரீஸ், தீவிர ரசிகர்களின் வெறுப்பே அதை இல்லாமல் ஆக்கிவிட்டது என்று ட்விட்டரில் மனம் நொந்து எழுதினார்.

அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் ரசிகர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் படத்தில் தாங்கள் நேசித்தது கதையை விட அந்த நால்வர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் விதத்தைத்தான் என்பதை அவர்கள் கோபமாக, சில நேரம் நாகரிகமில்லாமல், எழுதினார்கள். 2019இல் அதே நால்வரையும் திரும்ப அழைத்து இரண்டாம் படம் எடுக்கப்பட்டது. ரசிகர்கள் கேட்டது அதைத்தான். புதிதாக வந்து பார்க்கும் ஒருவர் அந்த அரைமணி நேரத்தை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலை ரசிகர்களின் ஒற்றை நட்சத்திரங்களிலிருந்து எடுக்க முயன்றால், தவறு எடுத்தவர்மீதே.

இதைவிட முந்தைய முறை மேலானது என்று சொல்பவர்கள், அது எப்படி நடந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக பைலட்டுகளை மூடிய அரங்குகளில் திரையிட்டு, வந்தவர்கள் கையில் ஒரு திருகு குமிழைக் கொடுத்து, பிடித்தால் ஒரு பக்கமும் பிடிக்காவிட்டால் மறுபக்கமும் திருப்பச் சொன்னார்கள். லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதிக்கு வந்த சுற்றுலாப் பயணிகளைக்கூட அழைத்து உட்கார வைத்தார்கள். அப்படி 1989இல் சோதிக்கப்பட்ட 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் பைலட்டுக்குக் கிடைத்த அறிக்கை, அது பலவீனமானது என்றது. அந்த அறிக்கையை அப்படியே ஏற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதை ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்தில் இருந்த ரிக் லட்வின் என்ற அதிகாரி அதன்மீது நம்பிக்கை வைத்து, தன் பொறுப்பில் இருந்த வேறொரு பிரிவின் பணத்தை எடுத்து, மேலும் நான்கே நான்கு எபிசோடுகளுக்கு வழிசெய்தார். அது ஒன்பது சீசன்கள் ஓடி, 1998இல் முடிந்தபோது இறுதி எபிசோடை ஏறத்தாழ 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள். பின்னாளில் தொடரின் முக்கிய நால்வரில் ஒருவரான எலைன் என்ற பாத்திரமே அந்த பைலட்டில் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனைக்கு வந்தவர்கள் தங்கள் முன் வைக்கப்பட்டதை நேர்மையாகத்தான் மதிப்பிட்டார்கள். இன்னும் எழுதப்படாத பாத்திரத்தை அவர்கள் எங்கிருந்து மதிப்பிடுவார்கள்?

பார்வையாளரின் எதிர்வினை எந்த இடத்தில் மிகவும் நம்பத்தக்கது என்பதற்கு, 2015 ஜனவரியில் வந்த 'தி மேன் இன் தி ஹை காசில்' பைலட் எனக்கு நல்ல சான்றாகத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு 1962இல் கதை நடக்கிறது. நெடுஞ்சாலையோரம் ஓர் இளைஞனின் லாரிச் சக்கரம் பழுதாகி நிற்கிறது. காவலர் ஒருவர் வந்து அன்பாகப் பேசுகிறார், உதவுகிறார். வானத்திலிருந்து சாம்பல் துகள்கள் விழுகின்றன. என்ன இது என்று இளைஞன் கேட்க, அது மருத்துவமனையிலிருந்து வருகிறது, செவ்வாய்க்கிழமைகளில் ஊனமுற்றவர்களையும் பிழைக்க வழியில்லாத நோயாளிகளையும் எரிப்பார்கள் என்று மழையைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் சொல்கிறார். அந்த உலகம் எப்படிப்பட்டது என்பதைக் குரல் உயர்த்தாமல், ஒரு நல்ல மனிதரின் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். அதுவரை தான் வெளியிட்ட பைலட்டுகளிலேயே அதிகம் பார்க்கப்பட்டது இதுதான் என்று அமேசான் அறிவித்தது. தொடர் நான்கு சீசன்கள் ஓடியது. பின்னாளைய சீசன்களில் எனக்கு நிறையக் குறைகள் உண்டு. அவற்றை இங்கே பேசவில்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் அந்த உலகத்தை நம்பத் தொடங்கிவிட்டோம் என்று அன்றைய பார்வையாளர்கள் சொன்னது முற்றிலும் சரி. ஓர் உலகத்தை நம்பினோமா இல்லையா என்பதை முதல் எபிசோடிலேயே சொல்லிவிடலாம். அதை நம்மைவிடத் திறமையாகச் சொல்லக்கூடிய நிர்வாகி எவரும் இல்லை.

'தி மார்வெலஸ் மிசஸ் மெய்சல்' பைலட்டும் அப்படித்தான். கணவன் விட்டுப்போன இரவில், மழையில் நனைந்து, இரவு உடையோடு மேடையேறி ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சொல்லி அரங்கைச் சிரிக்க வைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அடுத்தது என்ன என்று கேட்டார்கள். 2017 மார்ச்சில் பைலட் வந்தது, அடுத்த மாதமே இரண்டு சீசன்களுக்கு ஒப்புதல் கிடைத்தது, 2018இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது.

பார்வையாளர் வாக்கு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. 2014 பிப்ரவரியில் வந்த பைலட்டுகளில் 'தி ஆஃப்டர்' தொடராகத் தேர்வானது. ஆனால் ஓராண்டுக்குள் அந்த முடிவே ரத்தானது. கடைசிச் சொல் எப்போதும் நிறுவனத்திடம்தான் இருந்தது. இருந்தாலும், முடிவெடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பொதுவெளியில் கேட்க வேண்டிய கட்டாயத்தை அவர்களே தங்கள்மீது விதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொடர் ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு, அந்த ஒரு எபிசோடாவது கண்முன் இருந்தது.

இன்று அது இல்லை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரை பைலட் எதுவும் கேட்காமல் இரண்டு சீசன்கள், 26 எபிசோடுகள் என்று மொத்தமாக வாங்கியபோது, அது படைப்பாளிகளுக்குக் கிடைத்த விடுதலையாகக் கொண்டாடப்பட்டது. அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு எனக்கும் உண்டு, ஏனென்றால் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே மணி நேரத்தில் அறிமுகப்படுத்தும் நெருக்கடி நல்ல எழுத்தைக் கெடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் அதே நிறுவனம் 2017இல் நட்சத்திர மதிப்பீட்டை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறியைக் கொண்டுவந்தது. ஒரு தொடர் எனக்குப் பிடித்ததா இல்லையா என்று மட்டும் அந்தக் குறியால் சொல்ல முடியும்; அதன் மூன்றாவது எபிசோடில் ஒரு தாயின் பாத்திரம் ஏன் சரிந்தது என்று சொல்ல முடியாது. நான் எந்த நிமிடத்தில் நிறுத்தினேன் என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தை அழுததால் நிறுத்தினேனா, கதை சலித்ததால் நிறுத்தினேனா என்பது தெரியாது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு தொடர் பாதியில் நிறுத்தப்படும்போது, அதை நேசித்தவர்கள் எழுதுவதற்கு அந்தத் தளத்தில் ஓர் இடம்கூட இருப்பதில்லை.

ஆகவே ஓடிடி தளங்களிடம் நான் கேட்பது இதுதான். எல்லாத் தொடர்களுக்கும் வேண்டாம். துணிச்சலான, பெயர் பெறாத படைப்பாளிகளின் சில தொடர்களுக்காவது முதல் எபிசோடை வெளியே காட்டுங்கள். நட்சத்திரம் கேட்காதீர்கள். யாரை மறுபடி பார்க்க விரும்புகிறீர்கள், எந்தக் காட்சியை நம்பவில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். வந்த பதில்களைத் தயாரிப்பாளரிடம் மட்டும் கொடுக்காமல், அந்தத் தொடரை எழுதுபவர்களிடமும் கொடுங்கள்.

கருத்துச் சொல்லும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு "மொக்கை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், எந்த இடத்தில் மனம் விலகியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஓர் எழுத்தாளரால் இரண்டாம் எபிசோடை மாற்றி எழுத முடியும்.