"இழுக்கும் சார், இழுக்கும்!"

"மோட்டார்ஹோமைத் தள்ளிவிட்டுட்டு ஃபிஃப்த் வீலுக்கு மாறிட்டீங்களா? இனி நிம்மதிதான் போங்க"ன்னு இன்னும் ஒரே ஒரு ஆள் என்கிட்ட சொல்லட்டும், அப்புறம் இருக்கு.

நாங்க இருக்கறது டெக்சஸ்ல, டாலஸ் பக்கம். ஆர்வி, அதாவது வீட்டோடயே ஊர் சுத்தற வண்டி, வெச்சிருக்கற தமிழ்க் குடும்பம் இங்க கம்மி, அதனால தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மோட்டார்ஹோம்னா இஞ்சின், ஸ்டியரிங், படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் ஒரே வண்டி. ஃபிஃப்த் வீல்ங்கறது இஞ்சின் இல்லாத வீடு. சாதா டிரெய்லர் மாதிரி பம்பருக்குப் பின்னாடி உருண்டையில மாட்டாது. பிக்கப் டிரக்கோட தொட்டிக்குள்ள, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ, ஒரு ஹிட்ச் உட்கார்ந்திருக்கும். டிரெய்லரோட மூக்குல தொங்கற கிங்பின் அதுல போய்ப் பூட்டிக்கும். அதாவது வீட்டோட எடையில ஒரு பங்கை டிரக் முதுகுல சுமக்கணும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. விக்கறவன் எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

மோட்டார்ஹோமை நான் ஒண்ணும் ஆசைப்பட்டு விக்கல, அலுத்துப்போய் வித்தேன். எங்களோடது கிளாஸ் சிங்கற ரகம், டிரைவர் தலைக்கு மேல பசங்க படுக்கறதுக்குப் பரண் வெச்சது. அந்த வண்டியை ஒரே கம்பெனி செய்யறதில்ல. இஞ்சினும் சேஸியும் ஒருத்தன், அது மேல வீடு கட்டறது இன்னொருத்தன், ஜெனரேட்டர் மூணாவது ஆள். மழை பெஞ்சா டேஷ்போர்டுல தண்ணி சொட்டிச்சு. சேஸிக்காரன் கடைக்குப் போனா, "அது வீடு கட்டினவன் போட்ட சீல், நாங்க கை வெக்க மாட்டோம்". வீடு கட்டினவன் பக்கம் போனா, "கண்ணாடி சேஸியோட வந்தது, அங்க கேளுங்க". பழைய பெட்ஷீட்டைச் சுருட்டி டேஷ்போர்டு மேல வெச்சுக்கிட்டு ரெண்டு கடைக்கும் நடையா நடந்தோம்.

போதாக்குறைக்கு, இஞ்சின்ல ஒரு சின்ன கோளாறுன்னாலும் வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடும். பாதி கடையில "எங்க லிஃப்ட் தாங்காது"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. ஓட்டாம நிறுத்தி வெச்சிருந்தாலும் ஜெனரேட்டரை மாசத்துக்கு ஒரு தடவை ஏசியைப் போட்டு ஓட விடணும். டயர் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ஆனா வயசாகிப்போச்சுன்னு மாத்தணும். கேம்ப்கிரவுண்டுல பால் தீர்ந்துபோச்சா, கரண்ட் ஒயரைப் பிடுங்கி, குழாயைச் சுருட்டி, மேடை மேல இருக்கற டம்ளரைக்கூட உள்ள எடுத்து வெச்சுட்டு, வீட்டையே ஓட்டிக்கிட்டு கடைக்குப் போகணும்.

அதனால இஞ்சின் தனி, வீடு தனின்னு எல்லாரும் சொன்னப்போ கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. டிரக் ரிப்பேர்னா டிரக் மட்டும் போகும். வீடு ரிப்பேர்னா வீடு மட்டும் போகும். ஒருத்தன் இன்னொருத்தனைக் கை காட்டவே முடியாதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.

டிரெய்லர் விக்கற இடத்துக்குப் போனோம். எந்த டிரக் வாங்கணும்னு கேட்டது நான். அந்த ஆள் பதில் சொன்னது எங்க வீட்டுக்காரர்கிட்ட. "முக்கால் டன் டீசல் போதும் சார். இழுக்கும் சார், இழுக்கும்!" (முக்கால் டன், ஒரு டன்ங்கறதெல்லாம் டிரக்கோட ரகத்துக்குப் பேர், சுமக்கற எடை இல்ல.) பின் வெயிட், அதாவது கிங்பின் வழியா டிரக் மேல இறங்கற எடை, எவ்வளவுன்னு கேட்டது நான். இவரைப் பார்த்து, "அதெல்லாம் கவலையே படாதீங்க சார்". இவருக்கு டிரக்கும் தெரியாது, டிரெய்லரும் தெரியாது. பாவம், தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு நின்னார்.

அடுத்து டிரக் கடை. அங்க பிரோஷரைத் தூக்கி நீட்டினாங்க. இழுக்கற சக்தி 18,000 பவுண்டுக்கு மேலன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு இடுக்குல ஒட்டியிருக்கற மஞ்சள் ஸ்டிக்கரைப் படிச்சேன். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஒருக்காலும் போகக் கூடாதுன்னு அதுல இருக்கும். அந்த டிரக்குக்கு 2,100 சொச்சம். டிரக் விக்கறதையே தொழிலா வெச்சிருக்கற மனுஷன் எட்டிப் பார்த்து, "ஓ, இது இங்க இருக்கா?"ன்னு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை அப்படியே அறைஞ்சிருப்பேன்.

கணக்கைப் போட்டுக் காட்டறேன், பத்தாம் கிளாஸ் பையன் போடற கணக்குதான். நாங்க பார்த்த டிரெய்லர் முழு லோடோட 14,000 பவுண்டு வரைக்கும் போகலாம். ஃபிஃப்த் வீல்ல அதுல 15லேர்ந்து 25 சதவீதம் வரை டிரக் முதுகுல ஏறும். 20ன்னு வெச்சுக்குவோம், 2,800 ஆச்சு. ஹிட்ச் ஒரு 150. நாங்க நாலு பேரும் சேர்ந்து ஒரு 550. மொத்தம் 3,500. ஸ்டிக்கர் சொல்றது 2,100. இன்னும் நான் கிரைண்டரை ஏத்தவே இல்ல, அரிசி மூட்டையையும் ஏத்தல.

டீசல் இஞ்சினே எடை ஜாஸ்தி. முக்கால் டன் டிரக்குல நிறைய மாடலுக்கு, வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடையை 10,000 பவுண்டோட நிறுத்திடறாங்க. அதுக்குள்ள கனமான இஞ்சின், தோல் சீட்டு, சன்ரூஃப்னு ஒவ்வொண்ணா ஏத்தினா சுமக்கறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? பணத்தைக் கூடக் கொட்டி மேல் மாடல் வாங்கினா, கம்மியாத்தான் சுமக்க முடியும். இழுக்கறது வேற, தாங்கறது வேறன்னு ஒரு வரி சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல.

கணக்கைக் கொண்டுபோய் டிரெய்லர்காரன்கிட்ட நீட்டினேன். அப்பதான் முதல் தடவையா என் பக்கம் திரும்பினான். "பிரோஷர்ல பின் வெயிட் 2,000தான் மேடம் போட்டிருக்கு." ஐயா, அது காலி வீடு! தண்ணி இல்ல, துணிமணி இல்ல, பாத்திரம் பண்டம் இல்ல. தண்ணி மட்டுமே ஒரு கேலன் 8.3 பவுண்டு. வீட்டோட பெரிய ஸ்டோரேஜ் அறை முன்பக்கம், பெட்ரூம் முன்பக்கம், வாஷிங் மெஷின் வெக்கற அலமாரி மூக்கு நுனியில. நான் வெக்கற ஒவ்வொரு சாமானும் அந்தப் பின் மேலதான் இறங்கும். அதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தான்: "ஏர் பேக் போட்டுக்கோங்க, டிரக் பின்னாடி தாழாது." ஏர் பேக்னா பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையா வெக்கற காத்தடைச்ச பை. தாழாது, சரி. ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் ஏறுமா? ஆக்ஸிலும் டயரும் தாங்கற அளவு கூடுமா? கூனிப்போன முதுகை நிமிர்த்தி வெச்சுட்டா மூட்டையோட எடை குறைஞ்சிடுமா?

கடைசியில ஒரு டன் டூவலிதான் வாங்க வேண்டியதாச்சு, பின்னாடி நாலு சக்கரம் வெச்சது. மோட்டார்ஹோமை வித்த காசுல டிரெய்லர் போக மிச்சம் பிடிக்கலாம்னு போட்ட கணக்கெல்லாம் அதுலயே முங்கிப்போச்சு. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைன்னா இதுதான்.

அதோட விட்டுச்சா? லைசென்ஸ். எங்க பழைய மோட்டார்ஹோமை, கார் ஓட்டற அதே லைசென்ஸ்ல ஜம்முனு ஓட்டினேன். இப்ப முழு லோடோட போகலாம்னு அனுமதிச்ச எடை டூவலிக்கு 14,000, டிரெய்லருக்கு 14,000, மொத்தம் 28,000. டெக்சஸ்ல ரெண்டும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் 10,000க்கு மேல இருந்தா, சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் கிளாஸ் ஏ லைசென்ஸ் வேணும். கலிஃபோர்னியாவுல வேற கணக்கு: 10,000லேர்ந்து 15,000 வரைக்கும் உள்ள ஃபிஃப்த் வீலுக்கு லைசென்ஸ்ல தனி எண்டார்ஸ்மெண்ட், அதாவது கூடுதல் அனுமதி, அதுக்கு மேலன்னா அங்கயும் கிளாஸ் ஏ. சட்டம் சரிதான், இருக்க வேண்டியதுதான். ஆனா கையெழுத்து வாங்கறதுக்கு அத்தனை பேப்பரை நீட்டினீங்களே, அதுல ஒரு துண்டுச் சீட்டுல இதை எழுதி வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்? டெஸ்டுக்கு வண்டியை நாமதான் கொண்டு போகணும். அதை ஓட்டிக்கிட்டுப் போக கிளாஸ் ஏ வெச்சிருக்கற ஒருத்தர் பக்கத்துல உட்காரணும். நம்ம தமிழ்ச் சங்கத்துல இதய டாக்டர் வேணுமா, உடனே கிடைப்பார். கிளாஸ் ஏ வெச்சிருக்கற ஆளைத் தேடிப் பாருங்க!

"வீட்டைக் கேம்ப்கிரவுண்டுல விட்டுட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கிட்டு ஜாலியா ஊர் சுத்தலாம்"ங்கறதுதான் மாறச் சொன்ன எல்லாரும் பாடின பல்லவி. எங்க சுத்தறது? மொண்டானாவுல கிளேசியர் நேஷனல் பார்க்ல கோயிங்-டு-த-சன் ரோடுன்னு ஒரு மலைப்பாதை. 1933ல திறந்தது, பாறையை வெட்டிப் போட்ட குறுகல் ரோடு. அதோட முக்கியமான மலைப்பகுதியில 21 அடி நீளத்துக்கு மேலயோ, கண்ணாடியோட சேர்த்து 8 அடி அகலத்துக்கு மேலயோ உள்ள வண்டி போகக் கூடாது. ரோட்டைக் குறை சொல்லவே மாட்டேன், அந்த வளைவுல அதான் நியாயம். ஆனா நாலு கதவும் 8 அடித் தொட்டியும் வெச்ச டூவலி 21 அடியைத் தாண்டிடும். பின்னாடி சக்கரம் புடைச்சுக்கிட்டு நிக்கற இடமே கிட்டத்தட்ட 8 அடி, டிரெய்லர் பார்க்கறதுக்கு நீட்டி வெச்ச கண்ணாடி வேற. அதாவது, வீட்டைக் கழட்டி வெச்சுட்டு சுத்தறதுக்குன்னு வாங்கின டிரக்கே அந்த ரோட்டுல ஏற முடியாது! ஊர்லயும் இதே கதைதான். பார்க்கிங்ல எப்பவும் கடைசி வரிசை, டிரைவ் த்ரூன்னா மறந்துடலாம்.

சரி, மாட்டியாவது ஒழுங்கா இருக்கான்னா, ஹிட்ச் உயரம் ஒரு தனிக் கூத்து. டிரெய்லர் மட்டமா நிக்கணும், இல்லாட்டி ஒரு ஆக்ஸில் மேல மட்டும் எடை கூடும். இப்ப வர்ற டிரக்கெல்லாம் உயரம், அதனால டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது. ஹிட்சை இறக்கினா தொட்டியோட பக்கச் சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல இருக்க வேண்டிய ஆறு அங்குல இடைவெளி போயிடும். ஒரு மேடு பள்ளத்துல இறங்கினா இடிச்சு நசுங்கும். ஹிட்ச் மாட்டினவன் சொல்றான், "டிரெய்லரை உயர்த்தச் சொல்லுங்க." டிரெய்லர் கடை சொல்லுது, "ஹிட்சை இறக்கச் சொல்லுங்க." டிரக் கடை சொல்லுது, "எங்க டிரக் ஃபேக்டரியிலேர்ந்து வந்த உயரத்துல இருக்கு மேடம்." கேட்ட பாட்டா இருக்குல்ல?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இன்னிக்கு இவ்வளவும் கொட்டறதுக்குக் காரணமே அதுதான். ஐ-35 ஹைவேயில போய்க்கிட்டிருக்கோம், டேஷ்போர்டுல டிங்னு ஒரு சத்தம், டிரெய்லர் இணைப்பு துண்டிக்கப்பட்டதுன்னு வருது. டிரெய்லர் பின்னாடிதான் வருது, கண்ணாடியில தெரியுது. கழண்டிருக்கறது ஒயர். டிரெய்லருக்கு பிரேக் சிக்னல் அந்த ஏழு பின் பிளக் வழியாத்தான் போகுது. அது போச்சுன்னா, அத்தனை ஆயிரம் பவுண்டு பிரேக் பிடிக்காம முதுகுல வந்து முட்டும். ஓரமா நிறுத்தி, பிளக்கைக் கழட்டி, ஊதி, திருப்பி மாட்டினா சரியாயிடும். லைட் எரியுது, பிரேக் பிடிக்குது. கொஞ்ச தூரம் போனா மறுபடி டிங். பின்சீட்டுல பசங்க அந்த டிங்கை வெச்சு விளையாட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஸ்டியரிங்ல கை வேர்த்து வழியுது.

டிரக் சர்வீஸ்ல கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு, "டிரக்குல ஒண்ணும் இல்ல, டிரெய்லர் ஒயரிங்தான்"ன்னு அனுப்பிட்டாங்க. டிரெய்லர் சர்வீஸ்ல அவங்க டெஸ்டரை மாட்டிட்டு, "இங்க எல்லாம் பச்சை லைட்டு, டிரக்குல பாருங்க"ன்னு கை விரிச்சுட்டாங்க. ரெண்டையும் சேர்த்து மாட்டி, ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க ஐயான்னு கெஞ்சினேன். டிரக் கடையில, "டிரெய்லரோட உள்ள வரக் கூடாது மேடம், இடம் இல்ல, கழட்டி வெச்சுட்டு வாங்க." டிரெய்லர் கடையில, "டிரெய்லரை விட்டுட்டுப் போங்க, டிரக் இங்க நிறுத்த முடியாது." கோளாறு வர்றது ரெண்டும் சேர்ந்து ஓடும்போது மட்டும்தான்டா!

ஊர்லேர்ந்து மாமியார் போன்ல, "ஏம்மா, ஹோட்டல்ல ரூம் போட்டா முடிஞ்சுதே"ங்கறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு சத்தியமா தெரியல. வீடு நல்லா இருக்கு, அதை மறைக்க மாட்டேன். நிமிர்ந்து நின்னு சமைக்கலாம், ஃபிரிட்ஜ்ல ரெண்டு டப்பா மாவு தாராளமா நிக்குது. அந்த வீடும் டிரக்கும் சேர்ற அந்த ஒரு ஜாண் இடத்துக்குத்தான் பொறுப்பேத்துக்க ஆள் இல்ல.

டாலஸ் ஃபோர்ட் வொர்த் பக்கம், வண்டி நிக்கற இடத்துக்கே வந்து, டிரக்கையும் டிரெய்லரையும் மாட்டினபடியே வெச்சு ஒயரிங் பார்க்கற மொபைல் டெக்னீஷியன் யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. காசு எவ்வளவுன்னு அப்புறம் பேசிக்கலாம். "டிரக்குல ஒண்ணும் இல்ல"ன்னு ஆரம்பிக்கற ஆளா மட்டும் இருக்க வேண்டாம்.