ஹோம் ரன் கணக்கு சரி, அவுட் கணக்கு?

பேஸ்பாலில் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேட்டரை எடைபோடுகிறவர்கள், 2017 டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோயி கேலோ: ஆவரேஜ் (ஹிட் விகிதம், வாக் சேராது) .209, ஹோம் ரன் 41. ருக்னெட் ஓடோர்: ஆவரேஜ் .204, ஹோம் ரன் 30. பட்டால் வேலிக்கு வெளியே, படாவிட்டால் பெஞ்சுக்கு என்ற ரகம்தான் இரண்டும் என்று தோன்றும்.

ஆனால் கேலோ 532 முறை பேட் பிடிக்க வந்து 75 வாக் (பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசினால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். ஓடோர் 651 முறை வந்தும் 32தான். ஆன்-பேஸ், அதாவது அவுட்டாகாமல் பேஸை எட்டும் விகிதம், கேலோவுக்கு .333, ஓடோருக்கு .252. நூறு முறைக்கு ஒருவர் 67 தடவை வெறுங்கையோடு திரும்புகிறார், மற்றவர் 75 தடவை. எட்டுதானே என்று விட்டுவிட முடியாது. 650 முறைக்குக் கணக்குப் போட்டால் ஐம்பதைத் தாண்டுகிறது. ஒரு ஆட்டத்துக்கு அணியின் கையிருப்பே 27 அவுட். ஏறக்குறைய இரண்டு ஆட்டத்தின் சரக்கைத் தனியாளாகக் கூடுதலாகத் தின்றிருக்கிறார் ஓடோர்.

'அதற்குத்தான் ஓபிஎஸ் இருக்கிறதே' என்பார்கள். அது ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் (அடித்து எடுத்த பேஸ்களின் விகிதம், பவரின் அளவுகோல்) சமமாகக் கூட்டுகிறது; கோளாறே அங்கேதான். ரன் கணக்கில் ஆன்-பேஸின் ஒரு புள்ளி, ஸ்லக்கிங்கின் ஒரு புள்ளியைப் போல் சுமார் 1.7 மடங்கு பெறும். .380 ஆன்-பேஸ், .400 ஸ்லக்கிங் ஒருவர்; .300, .480 இன்னொருவர். இருவருக்கும் ஓபிஎஸ் .780. நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாமவரை எடுப்பேன்.

அதற்காகப் பவர் வெறும் பகட்டு என்று சொல்லவில்லை. சராசரியாக ஒரு ஹோம் ரன் 1.4 ரன் பெறும், வாக் 0.3தான். அந்த 0.3கூட அடகு வைத்த நகை மாதிரி, பின்னால் வருபவர் மீட்டுத் தர வேண்டும். பின்வரிசை சோப்ளாங்கி என்றால் ஓட்டக்காரர் முதல் பேஸிலேயே நின்று இன்னிங்ஸ் முடியும். ஹோம் ரனுக்கு யார் தயவும் வேண்டாம்.

'வாக்'கை வரவழைப்பதும் பெரும்பாலும் பவர்தான். 2004இல் ஹோம் ரன் மன்னன் பேரி பாண்ட்ஸ் வாங்கிய 232 'வாக்'கில் 120 வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை. அடித்தாலும் சிங்கிள்தான் என்று தெரிந்த பேட்டருக்குப் பிட்சர் பயமில்லாமல் நடுவில் வீசுவார். பொறுமை காத்தால் ஸ்ட்ரைக்தான் (அடிக்காமல் விட்ட நல்ல பந்து) சேரும். 1988இல் வேட் பாக்ஸ் வெறும் 5 ஹோம் ரன்னோடு .476 ஆன்-பேஸ் எடுத்தாரே என்று கேட்கலாம். அந்த ஆண்டு அவர் ஆவரேஜ் .366. அப்படி ஒரு ஆள் கிடைத்தால் ஹோம் ரன்னை யார் கேட்கப்போகிறார்கள்!