அந்தப் பளிங்கில் அசிட் ஊற்றியது தப்பு

கண்டியில் நம் கோயில் மதிலில், உபயம் கொடுத்தவர்களின் பெயர் வெட்டிய பளிங்குக் கற்கள் பஸ் புகையில் கறுத்திருந்தன. அவற்றை அசிட் ஊற்றிக் கழுவிப் படமும் போட்டிருக்கிறார்கள். "பளபளவென்று ஆகிவிட்டது" என்று கீழே எழுதியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கக்கூஸ் கழுவும் அசிட்டைப் பளிங்கில் ஊற்றக் கூடாது. ஒரு சொட்டுக்கூட.

பளிங்கும் சுண்ணாம்புச் சாந்தும் அடிப்படையில் ஒன்றுதான், கல்சியம் காபனேற்று. ஒரு பளிங்குத் துண்டில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், மினுக்கம் செத்துப்போகும். பஸ் புகையும் இதையே மெதுவாகச் செய்கிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. மழை நேரே அடிக்கும் பக்கம் கல் கரைந்து போகிறது. மழை படாத மூலையில் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி, கரியைப் பிடித்துவைத்துக் கறுக்கிறது. நீங்கள் ஊத்தை என்று சுரண்டியதில் கல்லும் இருந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கடலாதெனிய விகாரை 1344இல் கட்டியது, இன்னும் நிற்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். நிற்கிறது. அதன் சிற்பி கணேஸ்வராச்சாரி கட்டியது கருங்கல்லில். நம் மதிலில் இருப்பது பளிங்கு.

கோயில் சுத்தமாக இருக்க வேண்டாமா? வேண்டும், யார் இல்லை என்றது? பஸ் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது? நானும் பஸ்ஸில்தான் போகிறேன். கோயில் வாசலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள் என்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா? கண்டியைச் சுற்றி மலை, புகை லேசில் வெளியேறாது. தாஜ்மகாலுக்காக 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆக்ராப் பக்கத் தொழிற்சாலைகளை நிலக்கரியைக் கைவிடச் சொன்னது. கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரம். இங்கே எஞ்சினை நிறுத்தச் சொன்னாலே கோபம் வருகிறது.

அந்த உபயக் கல்லில் என் தாத்தாவின் பெயர் இருந்தது. தேயிலைக் கொழுந்தெடுத்த சம்பளத்தில் பாட்டி மிச்சம் பிடித்த காசு அது. சின்ன வயதில் அம்மா என் விரலைப் பிடித்து அந்த எழுத்துகள்மேல் ஓட்டுவார், நான் தமிழ் படித்ததே அப்படித்தான். இப்போது தடவினால் முதலெழுத்து மட்டும் தட்டுப்படுகிறது. மற்றதெல்லாம் சொரசொரப்பு.

"ஒரு பெயர்தானே, பெயின்ட்டில் எழுதிவிடலாம்" என்றார்கள். 1948இல் குடியுரிமையே பறிபோன மலையகத் தமிழ்ச் சனம் நாங்கள். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கல்லறைகளில் பெயர் வெட்டிய பளிங்கு நிறைய இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு எத்தனை கல் இருக்கிறது, சொல்லுங்கள். பெயின்ட் போதும் என்று சொன்னவர் யாருடைய பேரன்?

மற்றப் பக்க மதிலையும் கழுவப் போகிறார்களாம். அங்கேயும் உபயக் கற்கள் இருக்கின்றன. வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். எந்த நாள் என்று சொல்லுங்கள், நானே வந்து கழுவித் தருகிறேன். அசிட் போத்தலைக் கொண்டுவராதீர்கள்.